காற்றில் அறுக்கும் மெஷின்

இரும்புத் தகடு வெட்டுகிற பிளாஸ்மா கட்டர் வாங்கப் போகும்போது நானும் கூட வருவேன் என்று சொன்னேன். மகன் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"நீ இன்னாத்துக்கும்மா? அது இன்னா பொடவையா, பார்டர் பாத்து எடுக்கறதுக்கு?"

"என் வூட்டுக்குள்ள வர்ற பொருளு. நான் பாக்காம வராது."

அடுப்படியிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். "அத்தை வரட்டும். உங்கள ஏமாத்துற கடைக்காரன் அத்தைய ஏமாத்த முடியாது," என்றாள். அவன் இருமினான்.

அந்த இருமலுக்காகத்தான் நான் போகிறேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. எனக்குப் படிப்பு கிடையாது. மூன்றாவது வரை போனேன். பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், இதை எழுதுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வைத்து எழுதுவேன். மெஷின் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தூசு பற்றித் தெரியும்.

என் வீட்டுக்காரர் கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில், சாம்பியன் ரீப்ஸ் மைனில், அண்டர்கிரவுண்ட் மெஷின்மேனாக இருந்தார். பூமிக்கு அடியில் பாறையில் ஓட்டை போடுகிற வேலை. அந்த மெஷின் கரண்ட்டில் ஓடாது, காற்றில் ஓடும். மேலே பெரிய கம்ப்ரசரில் அழுத்திய காற்று பைப் வழியாக லெவல் லெவலாகக் கீழே போகும். வெடி வைத்த புகை தேங்கி நின்றால் அதே பைப்பைத் திறந்துவிட்டுத்தான் புகையை விரட்டுவார்கள். மைனுக்குப் போகிறவர்களுக்குக் காற்று பைப் என்றால் உயிர் மாதிரி. கீழே அதை நம்பித்தான் நிற்பார்கள்.

ஷிப்ட் முடிந்து, மேலே கொண்டுவருகிற கேஜில் ஏறுவதற்கு முன்னால் அவர் அந்தக் காற்றைத் திறந்து, தலை முதல் கால் வரை ஊதிக்கொள்வார். வேர்வையில் நனைந்த சட்டை காய்ந்துவிடும், ஒட்டியிருந்த தூசு பறந்துவிடும். வரிசை வீடுகள் இருக்கிற எங்கள் லைனில், குழாயடியில் மற்ற பெண்கள் காக்கிச் சட்டையைத் துவைக்கும்போது கல்லிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் ஓடும். என் கல்லில் தண்ணீர் தெளிவாக ஓடும். எதிர்வீட்டுக்காரி ஒருமுறை கேட்டாள்: "உன் வூட்டுக்காரரு மைனுக்குப் போறாரா, ஆபீசுக்குப் போறாரா?" குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தேன். அன்றைக்கு என் நடையை அந்த லைன் முழுக்கப் பார்த்தது.

அவர் தூசு நோயில்தான் போனார். கடைசி இரண்டு வருஷம் படுக்க முடியாது. மடியில் தலையணையைக் கட்டிக்கொண்டு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். மூச்சு உள்ளே போகிற சத்தம் தகரத்தை இழுக்கிற மாதிரி இருக்கும். கோடையில், தங்கம் எடுத்த பிறகு கொட்டி வைத்த சைனைடு மேட்டு மண் காற்றில் பறந்து வீட்டுக்குள் வரும். நான் ஜன்னலில் ஈரத்துணி கட்டுவேன். சாயங்காலம் அவிழ்த்தால் அதில் ஒரு படலம் இருக்கும். அதை அவரிடம் காட்டமாட்டேன்.

மகன் மைனுக்குப் போகவில்லை. அவன் வளர்வதற்குள் மைன் மூடிவிட்டார்கள். இங்கே இருக்கிற பெரிய பேக்டரியில் காண்ட்ராக்ட் ஆளாகத் தகடு வெட்டுகிற வேலை செய்தான். காண்ட்ராக்ட் முடிந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கேட், கிரில், ஜன்னல் கம்பி செய்ய ஆரம்பித்து ஆறேழு வருஷம் ஆகிறது. மருமகள் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் வேலை பார்க்கிறாள். அவன் கொட்டகையில் கிரைண்டர் பிடித்துக்கொண்டு நிற்பான். வட்டக்கல் சுற்றி இரும்பை அறுக்கும்போது தீப்பொறி ஒரு பக்கம், கறுப்புத் தூள் ஒரு பக்கம்.

நான் ஆரம்பத்திலேயே சட்டம் போட்டேன். அந்தத் தூளோடு வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க அவன் ஒரு சின்னக் கம்ப்ரசர் வைத்திருந்தான். "நைனா எப்பிடி வருவாரு தெரியுமா? சுத்தமா ஊதிக்கினு வருவாரு," என்றேன். அவனும் தினமும் வேலை முடிந்ததும் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, காற்றுக் குழாயைப் பிடித்துத் தலை, சட்டை, பேன்ட் எல்லாம் ஊதிவிட்டு வருவான். வெளியே திறந்த இடத்தில் ஊதினால் நான் காயவைத்த துணியில் படும் என்பதால் கதவைச் சாத்தச் சொன்னதும் நான்தான்.

மூன்று மாதமாக இருமல். முதலில் குனிந்து நிமிரும்போது மட்டும் வந்தது. அப்புறம் பேசும்போதும் வந்தது. சின்னதாக, வறட்சியாக. கேட்டால் "தண்ணி மாறிப்போச்சு" என்பான், "பனிக்காலம்" என்பான். அந்த இருமலை எனக்குத் தெரியும். அவருக்கும் அப்படித்தான் சின்னதாக ஆரம்பித்தது. அவரும் பனிக்காலம் என்றுதான் சொன்னார்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய வீட்டுக் கேட்டுக்கு மயில் டிசைன் கேட்டார்கள். மெல்லிய தகட்டில் தோகை தோகையாக வளைத்து வெட்ட வேண்டும். கிரைண்டர் வளைந்து போகாது. கேஸ் வைத்து அறுத்தால் தகடு சூட்டில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். "பிளாஸ்மா வாங்கிடலாம்மா. அதுல கல்லு கெடையாது, தூசே வராது. கரன்ட்டும் காத்தும்தான்," என்றான்.

தூசே வராது என்றதும் எனக்கு ஆசை வந்தது. கண்ணால் பார்க்காமல் நம்பவும் முடியவில்லை. எந்த மெஷின், என்ன கம்பெனி என்பது எனக்குப் பெரிதில்லை. இவனும் ஒரு நாள் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தூங்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மருமகள் போகிற ரயிலிலேயே மூன்று பேரும் ஏறினோம். தினமும் போகிறவர்கள் துண்டு போட்டு இடம் பிடித்து, முழங்கால் மேல் அட்டை வைத்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எனக்கு இடம் கொடுத்துவிட்டு, "இன்னா பெரிம்மா, ஆஸ்பத்திரிக்கா?" என்றார்.

"இல்ல. மெஷின் வாங்க."

"தையல் மெஷினா?"

"இரும்பு அறுக்குற மெஷின்."

அவர் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்துவிட்டார். "டேய், நம்மள்லாம் வேஸ்ட்டுடா," என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். கே.ஆர். புரத்தில் இறங்கும்போது என் காதில், "சின்னதா பாத்து வாங்குங்க அத்தை. அவரு பெருசுக்குத்தான் ஆசைப்படுவாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மெஷின் கடைகளே வரிசையாக இருக்கிற தெரு அது. மகன் விசாரித்து வைத்திருந்த கடையில், மெஷினை ஓட்டிக் காட்டுவதற்கென்று ஒருவர் இருந்தார். ஒல்லியாக, நரைத்த மீசை, நெற்றியில் சின்னச் சின்னத் தீக்காயத் தழும்பு. மகன் அவரிடம் கன்னடத்தில் ஆரம்பித்தான். அவர் பாதியிலேயே நிறுத்தி, "எந்த ஊரு?" என்று தமிழில் கேட்டார்.

"கே.ஜி.எஃப்."

"அங்க எங்க?"

"சாம்பியன் ரீப்ஸ்."

"அட, நான் ஆண்டர்சன்பேட்டை. அங்க பேக்டரில இருவது வருசம் இருந்துட்டுத்தான் இங்க வந்தேன். வாங்கம்மா, உக்காருங்க." ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

மகன் நேராகப் பெரிய மெஷினிடம் போய் நின்றான். நூறு ஆம்பியர் என்றான்.

"இன்னா வெட்டுவ?" என்று அவர் கேட்டார்.

"கேட்டு, கிரில்லு. இப்ப ஒரு மயில் டிசைனு வந்து கீது."

"தகடு எவ்ளோ கனம்?"

"ரெண்டு எம்எம், மூணு எம்எம். எப்பனா ஆறு."

"அதுக்கு நூறு ஆம்பியரா? வெத்தல காம்பு கிள்ள கோடாலி கேக்குற." அவர் மீசையைத் தடவினார். "வூட்ல த்ரீ பேஸ் கீதா?"

"எடுத்துக்குவேன்."

"உங்க லைன் ஒயரு எவ்ளோ பழசுன்னு எனக்குத் தெரியாதா? இதப் போட்டன்னு வையி, லைன் பூரா லைட்டு கண்ணடிக்கும். பக்கத்து வூட்டு அம்மா சீரியல் பாக்கும்போது ஒருவாட்டி போட்டுப் பாரு. அப்பால நீ வெட்டறதுக்கு இரும்பே தேட வேணாம், அவங்களே தூக்கினு வருவாங்க."

மகன் சிரிக்கவில்லை. "பேக்டரில நான் ஓட்டனது பெரிய மெஷின். கை அதுக்குத்தான் பழகிச்சு," என்றான்.

கை பழகியது அல்ல காரணம். பேக்டரியில் அவனை வெளியே அனுப்பிய பிறகு, அங்கே இருந்ததைவிடச் சின்ன மெஷின் முன்னால் நிற்க அவனுக்கு மனசு வரவில்லை. அந்த வீறாப்பு அவனுக்கு என்னிடமிருந்து வந்தது. அதனால் நான் கடைக்காரர் முன்னால் அவனை ஒன்றும் சொல்லவில்லை.

"ரெண்டையும் ஓட்டிக் காட்டுங்க," என்றேன்.

பையிலிருந்து என் வெள்ளைத் துண்டை எடுத்தேன். அங்கிருந்த குடிதண்ணீர்க் கேன் குழாயில் நனைத்துப் பிழிந்தேன். அவர் வெட்டப்போகிற மேசைக்கு எதிரில், ஒரு ஆள் முகம் இருக்கிற உயரத்தில், ஒரு கம்பியில் பாதித் துண்டை விரித்துத் தொங்கவிட்டேன்.

"இது இன்னாம்மா?" என்றார் அவர்.

"நீங்க வெட்டுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மகனுக்கு வெட்கமாகிவிட்டது. "எம்மா, இன்னா இது, கடையில வந்து துணி காயப் போட்டுக்கினு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"இரு," என்றேன்.

அவர் கறுப்புக் கண்ணாடி முகமூடி ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் பெரிய மெஷினைப் போட்டார். கம்ப்ரசர் தடதடவென்று ஏறியது. கையில் பிடிக்கிற டார்ச்சைத் தகட்டின் மேல் வைத்ததும் ஒரு சீறல், நீல வெளிச்சம். இரும்பில் கத்தி போகவில்லை, கல் போகவில்லை. காற்றுதான் போனது. காற்றே இரும்பைப் பிளந்துகொண்டு போனது. என் வீட்டுக்காரர் பிடித்த டிரில் மெஷினும் காற்றில்தான் ஓடியது. அவர் இருந்தால் இதைப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்திருப்பார்.

வெட்டி முடித்ததும் துண்டை எடுத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்தேன். விரித்த பாதி பழுப்பும் கறுப்புமாக இருந்தது, தோசைக்கல்லைத் துடைத்த மாதிரி.

"தூசே வராதுன்னு சொன்னாங்களே," என்றான் மகன். குரல் இறங்கிவிட்டது.

"எவன் சொன்னான்?" என்றார் அவர். "இரும்ப உருக்கி ஊதித் தள்ளுது. உருகுனது எங்க போவும்? கிரைண்டர்ல வர்றது தூளு. கண்ணுக்குத் தெரியும், கீழ வுழும். இதுல வர்றது பொகை. பொகையும் இரும்புதான்."

துண்டின் அடுத்த பாதியைத் திருப்பிப் போட்டேன். சின்ன மெஷின், நாற்பது ஆம்பியர். வீட்டுக் கரண்ட்டிலேயே ஓடுவது. அதே தகடு, அதே நீளம். இந்த முறை அழுக்கு குறைவாக இருந்தது. ஆனால் இருந்தது.

"மூணு எம்எம்முக்கு எது வேகமா வெட்டிச்சு?" என்று மகனைக் கேட்டேன்.

அவன் இரண்டு வெட்டையும் குனிந்து பார்த்துவிட்டு, "பெருசுதான். ஆனா கையில புடிச்சி டிசைன் வெட்றப்ப அந்த வேகம் ஆவாது. கை தப்பிடும்," என்றான். அவனே சொன்னது எனக்குப் போதும்.

"இந்த அழுக்குக்கு வழி இல்லியா?" என்று அவரைக் கேட்டேன்.

அவர் என் துண்டைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். உள்ளே போய் ஒரு இரும்புத் தட்டை இழுத்து வந்தார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவு பெரிது, ஒரு சாண் ஆழம். அதில் தண்ணீர் ஊற்றி, மேலே வரிசையாகப் பட்டைக் கம்பி அடுக்கி, கம்பி மேல் தகட்டை வைத்தார். தகட்டுக்கு அடியில் விரல் கனத்துக்குக் கீழே தண்ணீர். சின்ன மெஷினால் வெட்டினார். சீறல் தண்ணீரில் போய்ப் புதைந்தது. துண்டை அலசி மறுபடி தொங்கவிட்டிருந்தேன். எடுத்துப் பார்த்தால் லேசான நிழல் மாதிரி ஒரு கறை, அவ்வளவுதான்.

"பூராவும் போவாதும்மா," என்றார். "பாதிக்கு மேல தண்ணி புடிச்சிக்கும். மீதிக்கு மாஸ்க்கு, சொவத்துல ஒரு எக்ஸாஸ்ட் பேன். துத்தநாகம் பூசுன தகடு, பெயிண்ட் அடிச்ச பழைய தகடு, இதெல்லாம் உள்ள வச்சி வெட்டவே கூடாது. தட்டு நீயே செஞ்சிக்கலாம்பா, நான் அளவு சொல்றேன்."

தண்ணீர்தான் தூசை அமுக்கும் என்பது எங்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. கீழே ஓட்டை போடும்போது மெஷினுக்குள் தண்ணீர் விட்டுத்தான் போட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். வழி இருக்கிறது என்று நினைத்தேன்.

கடைக்காரர் அளவெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டே, "கம்ப்ரசர் கீதா?" என்றார்.

"சின்னது ஒண்ணு கீது. பெயிண்ட் அடிக்க," என்றான் மகன்.

"அது பத்தாது. பெருசு வேணும். காத்துல தண்ணி வராம வடிகட்டியும் வேணும், இல்லன்னா டார்ச்சு நாசில் சீக்கிரம் பூடும். அந்தச் சின்னதுல வேற இன்னா பண்ற?"

மகனை முந்திக்கொண்டு நான்தான் பேசினேன். பேசும்போது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. "வேல முடிஞ்சதும் தலையிலர்ந்து கால் வரிக்கும் ஊதிக்கினுதான் வூட்டுக்குள்ள வருவான். எங்க வூட்டுக்காரரு அண்டர்கிரவுண்ட்ல அப்பிடித்தான். ஒரு பொட்டுத் தூசு எங்க வூட்டுக்குள்ள வந்ததில்ல."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"எங்க நின்னு ஊதுவான்?"

"கொட்டாயிலதான். கதவச் சாத்திக்கினு."

அவர் பேனாவை மூடினார். "தப்பா நெனச்சிக்காதீங்கம்மா," என்று சொல்லிவிட்டு, தரையில் கிடந்த கிரைண்டர் தூளை ஒரு பிடி எடுத்துத் தன் சட்டைக் கையில் தேய்த்தார். கடையின் பின்பக்கம் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலுக்குள் போய் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, காற்றுக் குழாயால் கையை ஒருமுறை ஊதினார். சட்டை சுத்தமாகிவிட்டது.

"சட்டைய பாக்காதீங்க. வெயில பாருங்க," என்றார்.

பார்த்தேன். வெயில் பட்டை முழுக்கத் தூசு. பெரிய தூள் உடனே கீழே விழுந்தது. மற்றது விழவில்லை. ஒரு ஆள் மூக்கு இருக்கிற உயரத்தில் மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டு நின்றது. நான் காத்திருந்தேன். அது இறங்கவே இல்லை.

"சட்டையில கீற வரிக்கும் அது சும்மா அழுக்கு," என்றார் அவர். "ஊதிட்டா அப்பால மூச்சு. கதவ வேற சாத்திட்டா எங்க போவும்?" மகனைப் பார்த்தார். "பேக்டரில ஒடம்புல காத்து அடிக்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருந்தாங்களே, நீ பாக்கலியாப்பா?"

"பாத்தேன்," என்றான் மகன்.

"அப்பறம்?"

அவன் என் பக்கம் திரும்பவில்லை. "அது பேக்டரி. வூட்ல அம்மா சொல்லிச்சி," என்றான்.

இத்தனை வயசில் என்னை யாரும் அப்படி நிற்க வைத்ததில்லை. அவன் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். நான் துண்டை மடித்தேன். ஈரமாகவே பையில் வைத்தேன். "சின்ன மெஷினையே எழுதுங்க. தட்டுக்கு அளவு எழுதுங்க," என்று சொல்லிவிட்டுக் கடைக்கு வெளியே வந்து நின்றுகொண்டேன்.

சாயங்கால ரயிலில் நல்ல கூட்டம். மருமகளுக்கு அன்று வேலை முடிய நேரமாகும் என்று போன் வந்தது. எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மகன் எதிரில் உட்கார்ந்தான். மாலூர் தாண்டியது. அப்புறம் அவன் கேட்டான்.

"நைனாவும் நெஜமாவே ஊதிக்குவாராம்மா?"

"ஆமா."

"நீ சொல்லியா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். நான் சொன்னதில்லை, அது உண்மை. அங்கே கீழே நிறையப் பேர் ஊதிக்கொள்வார்கள். ஆனால் இவர் மட்டும் ஒரு நாள் விடாமல் ஏன் ஊதிக்கொண்டார்? முதல் நாள் அப்படிச் சுத்தமாக வந்து நின்றபோது நான் அவரைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. கல்யாணமாகிச் சில மாசம்தான் ஆகியிருந்தது. அந்தப் பார்வைக்காக அவர் அடுத்த நாளும் ஊதிக்கொண்டார். அதற்கு அடுத்த நாளும்.

"நான் சொல்லல," என்றேன். "அப்பிடி வந்தா எனக்குச் சந்தோசமா இருந்திச்சி. அது அவருக்குத் தெரியும்."

அவன் கீழே குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பாறையில ஓட்ட போட்ட தூசு அது பாட்டுக்குக் கீது. அதான் பெருசு. ஊதுனது எவ்ளோ சேத்துச்சோ, யாருக்குத் தெரியும்? நீ அதையே நெனச்சிக்கினு இருக்காத."

எனக்கும் தெரியாது. அரை வீசமாக இருக்கலாம், அதிகமாக இருக்கலாம். இப்போது அளந்து சொல்லுகிறவர் யாரும் இல்லை. அவன் சொன்னதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டால் அடுத்ததைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போற. எக்ஸ்ரே எடுக்கற," என்றேன்.

இத்தனை நாள் இதே பேச்சுக்கு அவனிடம் நூறு சாக்கு இருந்தது. அன்றைக்கு, "போறேன்மா," என்றான். பிறகு, "நீயும் வா," என்றான்.

போனோம். டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். என் வீட்டுக்காரருடைய படத்தை அந்தக் காலத்தில் அப்படி மாட்டியபோது அதில் மாவு தூவின மாதிரி இருந்தது. இதில் அப்படி இல்லை. எனக்குப் படிக்கத் தெரியாத படம், இருந்தாலும் நான் பார்த்துவிட்டேன். மூச்சுக் குழாய் புண்ணாகி இருக்கிறது, நெஞ்சில் இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, தூசை விட்டால்தான் இருமல் விடும், வருஷம் ஒருமுறை வந்து படம் எடுக்க வேண்டும் என்றார். மகன் வெளியே வந்து ஒரு டீ குடிக்கலாமா என்று கேட்டான். டீ வேண்டாம், கொஞ்சம் உட்காரலாம் என்றேன்.

மெஷின் வந்தது. ஒரு ஆள் ஒரு கையால் தூக்குகிற அளவுதான். அதற்கென்று மீட்டரிலிருந்து தனியாகக் கனமான ஒயர் இழுத்தார்கள். புதுக் கம்ப்ரசரைக் கொட்டகைக்கு வெளியே, தகரம் போட்டு வைத்தோம். உள்ளே வைத்தால் புகையையே இழுத்துத் திரும்ப ஊதும் என்று மகன் சொன்னான். தண்ணீர்த் தட்டை அவனே செய்தான், கடைக்காரர் எழுதிக் கொடுத்த அளவுக்கு இரண்டு விரல் கூடவே ஆழமாக. கம்ப்ரசரோடு, காற்றை ஊதுகிற துப்பாக்கி ஒன்று சும்மா கொடுத்திருந்தார்கள். பழையதோடு சேர்த்து அதையும் நான் எடுத்து வைத்துவிட்டேன்.

"எங்க அத்தை வச்சீங்க?" என்று மருமகள் கேட்டாள்.

"இன்னாத்துக்கு?"

"அரிசி டப்பாவுல கை விட்டா தட்டுப்படுமோன்னு பயமா கீது."

"தட்டுப்படாது," என்றேன். எங்கே என்று இன்று வரை சொல்லவில்லை.

முதல் வாரம் அவன் வேலை முடிந்ததும் பின்வாசலில் வந்து நின்றுவிடுவான். படியில் கால் வைக்க மாட்டான். பழக்கம். "ஏன் நிக்கற? வா," என்று நானே கூப்பிட வேண்டியிருந்தது. குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்வான். சட்டையை உதறக் கூடாது, அப்படியே வாளித் தண்ணீரில் அமுக்கிவிட வேண்டும். அதை நான் துவைக்கிறேன். கல்லிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் ஓடுகிறது. பக்கத்து வீட்டுக்காரி மதில் மேல் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, உங்க வூட்லயா இவ்ளோ அழுக்கு?" என்றாள். "எங்க வூட்லதான்," என்றேன்.

மயில் கேட் நன்றாக அமைந்தது. தோகைக் கண் ஒவ்வொன்றும் தனித்தனியாக, பிசிறு இல்லாமல். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். இருமல் குறைந்திருக்கிறது. நின்றுவிட்டது என்று எழுத மாட்டேன். காலையில் ஒன்றிரண்டு வருகிறது. நான் அடுப்படியிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும், அதனால் தலையணையில் வாயைப் பொத்தி இருமுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை தட்டுத் தண்ணீரை மாற்றுவது என் வேலை. வேறு யாரையும் விடுவதில்லை. மேல் தண்ணீரை மெதுவாக வடித்தால் அடியில் கறுப்புச் சேறு நிற்கும், மை மாதிரி, விரலில் எடுத்தால் நெறுநெறு என்று இருக்கும். அதைக் காயவிடக் கூடாது. ஈரத்தோடு வழித்துப் பழைய பெயிண்ட் டப்பாவில் போட்டு மூடி வைக்கிறேன். மூடிய டப்பாவைக் கையில் தூக்கிப் பார்ப்பேன். கனமாக இருந்தால் எனக்கு நிம்மதி. அவ்வளவும் அவன் நெஞ்சுக்கு வெளியே இருக்கிறது.

போன வாரம் டப்பா லேசாக இருந்தது. அவனிடம் போய், "தட்ட உட்டுட்டு வேற எங்கனா வச்சி வெட்னியா?" என்று கேட்டேன்.

"மழைம்மா. வேலையே இல்ல. வெட்னாதானே வரும்."

நம்பினேன். இருந்தாலும் கொட்டகைக்குப் போய், ஆணியில் மாட்டியிருந்த அவன் மாஸ்க்கை எடுத்து, உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். தூசு தாண்டி மூக்குக்குப் போயிருந்தால் அங்கே கறுத்திருக்கும். வெள்ளையாகத்தான் இருந்தது. திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.